முகத்துவாரம் திறக்கும் நேரம்: பற்றீரிய வித்தியும் அதன் வெளியுறையும்

படுவான்கரையில் எருமைப் பட்டி வைத்திருக்கும் வீடு எதற்கும் விடியற்காலையில் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். கறந்து வந்த பாலைத் துணியில் வடித்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றி, விறகடுப்பில் ஏற்றியிருப்பார்கள். அடிப்பிடிக்காமல் துழாவியபடி ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். பால் பொங்கி அடங்கியதும் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டிகளில் ஊற்றி, முதல்நாள் தயிரில் கொஞ்சம் எடுத்து உறை விடுவார்கள். சட்டிகளின் வாயை மூடிக் கட்டி அசைவில்லாத இடத்தில் அடுக்கிவைத்தால், மறுநாள் கரண்டியால் வெட்டியெடுக்கும் பதத்தில் மட்டக்களப்புத் தயிர் தயார்.

கிருமி சாகத்தான் பாலைக் காய்ச்சுகிறோம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பெரும்பாலும் சரி. மனிதருக்கு நோய் தரும் பற்றீரியாக்களில் அநேகமானவை கொதிநிலைக்கு வெகு முன்பே இறந்துவிடும். ஆனால் பட்டியின் சேற்றிலும் சாணத்திலும் வைக்கோலிலும் இருந்து பாலுக்குள் வந்து விழும் சில பற்றீரியாக்கள் அந்த அடுப்பைத் தாண்டியும் உயிரோடு இருக்கின்றன. பசிலசு இனத்தவை அவற்றில் முக்கியமானவை. அவை பாத்திரத்துக்குள் வரும்போது சாதாரணக் கலங்களாக வருவதில்லை. வித்திகளாக, அதாவது தம்மைத் தாமே பொதிந்து மூடிக்கொண்ட உறங்குநிலையில் வருகின்றன. கொதிக்கும் பால் அவற்றைக் கொல்லத் தவறுவதோடு நிற்பதில்லை. மிதமான சூடு வித்தியை முளைப்பதற்குத் தயார்படுத்தவும் செய்கிறது. ஆய்வுகூடங்களில் வித்திகளை முளைக்கவைக்க விரும்புவோர் முதலில் 70 பாகை செல்சியசு அளவில் அரை மணி நேரம் வரை சூடாக்குவது வழக்கம்.

அப்படியானால் அந்தச் சட்டிக்குள் இரவு முழுதும் நடப்பது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால், ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஓர் உயிர்ப்பொதியின் மேலுறையில் போய் நிற்போம். நெடுங்காலமாக அந்த உறையை ஒரு கவசம் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் அந்தப் படத்தைத் திருத்தியிருக்கின்றன. பகையை வெளியே நிறுத்துவது உறையின் பாதி வேலை. வெளியுலகின் நற்செய்தியை உள்ளே விடுவதும், வேளை வந்ததும் தானே வழிவிடுவதும் மறுபாதி. இந்த இரண்டாம் பாதியைப் புரிந்துகொண்டால்தான் நமது பால், சோறு, கிணறு, காயம் ஆகிய நான்கையும் பற்றிச் சரியாக முடிவெடுக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வைக்கோல் நீரில் தொடங்கிய கதை

1876ஆம் ஆண்டு வித்தி ஆய்வின் பிறந்த ஆண்டு. அப்போது பிரெசுலௌ நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பெர்டினாண்ட் கோன், காய்ந்த புல்லை ஊறவைத்த நீரைக் கொதிக்கவைத்த பிறகும் அதில் பற்றீரியாக்கள் மீண்டும் பெருகுவதைக் கண்டார். கொதிநீரைத் தாண்டும் பொதிகளை அந்தப் பற்றீரியா தனக்குள் உருவாக்குவதை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பதிவுசெய்தார். அந்தப் பற்றீரியாவே இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளரும் பசிலசு சப்டிலிசு. அதே ஆண்டில் ரொபர்ட் கொக், ஆந்திராக்சு நோயை உண்டாக்கும் பற்றீரியாவும் வித்தியாக மாறி மீண்டும் கலமாக முளைப்பதைக் காட்டினார். மேய்ச்சல் நிலத்தில் நோய் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கிறது என்ற புதிருக்கு அதனால் விடை கிடைத்தது.

அடுத்த ஆண்டே ஜோன் டின்டல் ஒரு தந்திரத்தைக் கண்டார். திரவத்தை ஒரே தடவையில் நெடுநேரம் கொதிக்கவைப்பதை விட, இடைவெளி விட்டுப் பல தடவை சிறிது நேரம் கொதிக்கவைப்பது அதை நன்றாகத் தூய்மையாக்கியது. முதற் சூட்டுக்குத் தப்பிய வித்திகள் இடைவெளியில் முளைக்கின்றன. முளைத்தவுடன் அவற்றின் உறுதி போய்விடுகிறது. அடுத்த சூட்டில் அவை இறக்கின்றன. வித்தியை வெல்லும் வழி அதன் கதவை உடைப்பதல்ல, திறக்கவைப்பது என்ற பாடம் 1877இலேயே கிடைத்துவிட்டது. அந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்று அறிய மட்டும் இன்னும் நூறாண்டு தேவைப்பட்டது.

தாய்க்கலம் நெய்யும் உறை

உணவு தீர்ந்துபோகும்போது பசிலசு கலம் தன்னைச் சமமில்லாத இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது. பெரிய பகுதி தாய்க்கலம். சிறிய பகுதி வித்தியாகப் போவது. பிறகு தாய்க்கலம் சிறியதை அப்படியே விழுங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. அடுத்த சில மணி நேரம் அதன் முழு உழைப்பும் உள்ளே இருப்பதைப் பொதிவதற்கே செலவாகிறது. வேலை முடிந்ததும் தாய்க்கலம் சிதைந்து போகிறது. வித்தி வெளியே விழுகிறது.

உள்ளிருந்து வெளியே போனால் வித்தியின் அடுக்குகள் இவை. நடுவில் உள்ளகம், இங்கேதான் மரபுப் பொருள் இருக்கிறது. சாதாரணக் கலத்தின் நிறையில் முக்கால்வாசி நீர் என்றால், உள்ளகத்தில் நீர் பாதிக்கும் குறைவு. அந்த இடத்தைக் கல்சியத்தோடு சேர்ந்த டைப்பிகோலினிக் அமிலம் நிரப்புகிறது. வித்தியின் உலர்நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த அமிலமே. உள்ளகத்தைச் சூழ்ந்து உள் மென்சவ்வு. அதற்கு வெளியே மேற்பட்டை எனப்படும் தடித்த அடுக்கு. இது பெப்ரிடோகிளைக்கன் வலையால் ஆனது, உள்ளகத்தை இறுக்கிப் பிடித்து வீங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதற்கும் மேலே புரதங்களால் ஆன உறை. பசிலசு சப்டிலிசின் உறையில் மட்டும் 70க்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை உள்ளுறை, வெளியுறை, அதன் மேல் மெல்லிய புறணி என அடுக்கடுக்காக அமைகின்றன. பசிலசு சீரியசு, ஆந்திராக்சு பற்றீரியா போன்றவற்றில் இதற்கும் வெளியே தளர்வான பை ஒன்றும் உண்டு.

இத்தனை புரதங்களும் சரியான இடத்தில் போய் அமர்வது எப்படி? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஆய்வு செய்யும் குமரன் ராமமூர்த்தியும் அவருடைய முன்னாள் வழிகாட்டி ரிச்சர்ட் லோசிக்கும் உள்ளிட்ட குழு 2009இல் இதற்கு வியக்கத்தக்க விடை ஒன்றைத் தந்தது. உறையின் அத்திவாரத்தை இடுவது வெறும் 26 அமினோ அமிலங்களால் ஆன ஸ்போவிஎம் என்ற குட்டிப் புரதம். தாய்க்கலத்துக்குள் புறம்நோக்கி வளைந்திருக்கும் மேற்பரப்பு வித்தியினுடையது மட்டுமே. அந்த வளைவைத்தான் இந்தப் புரதம் அடையாளம் காண்கிறது. அது போய் ஒட்டிய இடத்தில் ஸ்போஃபோர்ஏ என்ற இன்னொரு புரதம் சக்தியைச் செலவழித்துத் தன்னைத்தானே கோத்து ஒரு தளமாகிறது. அந்தத் தளத்தின் மேல் மற்ற அடுக்குகள் எழுகின்றன. இருட்டில் மண்சட்டியின் விளிம்பைத் தடவியே அது சட்டி என்று அறியும் கையைப் போல, உருவமே இங்கே முகவரியாகிறது.

வெளியுறையின் தலைமைக் கொத்தனார் கொட்ஈ என்ற புரதம். 1988இல் லோசிக்கின் குழு அதற்குரிய பரம்பரையலகை நீக்கிப் பார்த்தது. வெளியுறை இல்லாத வித்திகள் கிடைத்தன. அந்தச் சோதனையின் முடிவுகள் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வெளியுறை இல்லாத வித்திகளும் சூட்டைத் தாங்கின. ஆனால் முட்டை வெள்ளையிலும் கண்ணீரிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதியம் அவற்றை எளிதில் சிதைத்தது. மேலும், அவை முளைப்பதில் பின்தங்கின.

முதல் முடிவு ஒரு பழைய நம்பிக்கையைத் தகர்த்தது. கொதிக்கும் பாலிலிருந்து வித்தியைக் காப்பது உறை அல்ல. உள்ளகத்தின் வறட்சியும் அதை நிரப்பிய அமிலமும் மரபுப் பொருளைப் போர்த்தியிருக்கும் சிறு புரதங்களுமே காக்கின்றன. இரண்டாவது முடிவு உறை உண்மையில் எதைத் தடுக்கிறது என்று காட்டியது: நொதியங்களை, குளோரீன், ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற இரசாயனங்களை, பற்றீரியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்களை. மூன்றாவதுதான் புதிர். கவசத்தைக் கழற்றினால் வெளியே வருவது எளிதாக வேண்டாமா? ஏன் தாமதம்?

செய்தி நுழையும் வழி

வித்தி முளைப்பதற்கு நீர் மட்டும் போதாது. சுற்றிலும் உணவு இருக்கிறது என்ற செய்தி வேண்டும். பசிலசு சப்டிலிசுக்கு எல்-அலனின் என்ற அமினோ அமிலம் அத்தகைய செய்தி. அசுபரசின், குளுக்கோசு, புருக்டோசு, பொற்றாசியம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தாலும் அது செய்தியாகிறது. இச்செய்தியைப் படிக்கும் வாங்கிப் புரதங்கள் உள் மென்சவ்வில் இருக்கின்றன. அதாவது கடிதம் வாசல், முற்றம், கூடம் எல்லாம் தாண்டி உள்ளறைக்குப் போய்ச் சேர வேண்டும். வாசலாக நிற்பது வெளியுறை.

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் மொயரின் குழு ஒரு பரம்பரையலகுத் தொகுதியை இனங்கண்டது. அதற்கு ஜெர்பி என்று பெயர். அது பழுதுபட்ட வித்திகளில் வாங்கிகள் நன்றாகவே இருந்தன. உறையும் முழுமையாக இருந்தது. ஆனாலும் அவை உணவுச் செய்திக்கு மிக மெதுவாகவே பதில் தந்தன. அடுத்து அந்த வித்திகளின் உறையைச் சிதைத்துப் பார்த்தபோது தாமதம் பெருமளவு நீங்கியது. வாசலே இல்லாதபோது வாசற்காவலன் தேவைப்படவில்லை. ஆக, ஜெர்பி புரதங்கள் உறைக்குள் சிறு மூலக்கூறுகள் கடந்து போவதற்கான வழியை அமைக்கின்றன என்பது தெளிவாயிற்று. லைசோசைம் போன்ற பெரிய நொதியம் புக முடியாத அதே உறையில், அலனின் போன்ற சிறிய மூலக்கூறு போய்வர வழி விடப்பட்டிருக்கிறது. வாவியில் இறால் பிடிக்கும் அத்தாங்கின் கண்ணளவைப் போன்றது இது: எதை நிறுத்துவது, எதை விடுவது என்பது கண்ணின் அளவிலேயே முடிவாகிவிடுகிறது.

செய்தி கிடைத்தபின் நடப்பவை விரைவானவை. முதலில் பொற்றாசியம் முதலான அயன்கள் வெளியேறுகின்றன. தொடர்ந்து உள்ளகத்தில் அடைந்திருந்த கல்சியமும் டைப்பிகோலினிக் அமிலமும் கொட்டுகின்றன. அந்த இடத்தில் நீர் புகுகிறது. அதுவரை நுணுக்குக்காட்டியில் முத்துப்போல் ஒளிர்ந்த வித்தி, கண் முன்னே மங்கிக் கருக்கிறது. தனி வித்தி ஒன்றில் இந்த ஒளிமாற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல ஆண்டு உறக்கம் அந்தச் சில நிமிடங்களில் கலைகிறது. அதன்பின் திரும்பிப் போக வழியில்லை.

இந்த இடத்தில் உறையின் இன்னொரு பங்கு தெரிய வருகிறது. மேற்பட்டையின் வலையை அறுத்து உள்ளகத்தை விடுவிக்கும் நொதியங்களில் முக்கியமான இரண்டு சீடபிள்யூஎல்ஜே, ஸ்லெப்பி. இவற்றில் முதலாவது உறையோடு சேர்ந்தே வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளகத்திலிருந்து வெளியே வரும் கல்சியமும் டைப்பிகோலினிக் அமிலமும் பட்டதும் அது வேலையைத் தொடங்குகிறது. உறை சரியாக அமையாவிட்டால் இந்த நொதியமும் தன் இடத்தில் இராது. 1988இன் புதிருக்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. கதவை அறுக்கும் அரமும் கதவிலேயே செருகப்பட்டிருப்பதால், கதவைக் கழற்றியவர் அரத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்.

உறை விரிவதும் பிளப்பதும்

மேற்பட்டை கரைந்ததும் உள்ளகம் வீங்குகிறது. இனி உறை இடம்விட வேண்டும். உலர்ந்த வித்தியின் மேற்பரப்பை மிக நுண்ணிய கருவிகளால் பார்த்தால், காய்ந்த மிளகின் தோல் போல மடிப்புகள் தெரியும். இந்த மடிப்புகள் வெறும் சுருக்கமல்ல. ஓசுகுர் சாகின், அடம் டிரிக்சு ஆகியோர் உள்ளிட்ட குழு 2012இல் காட்டியது போல, அவை உறையின் கையிருப்பு. வித்தி நீரை ஏற்று வீங்கும்போது மடிப்புகள் விரிகின்றன. உலரும்போது மீண்டும் மடிகின்றன. உறங்கும் நிலையிலேயே காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப வித்தியின் பருமன் சற்றே கூடிக் குறைகிறது. ஆகவே உறை இறுகிய ஓடாக இருந்தால் வெடித்திருக்கும். நெகிழும் துணியாக இருப்பதால் தாங்குகிறது.

பிறகு பிளவு. 2007இல் அமெரிக்காவின் லோரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குழு, பசிலசு அட்ரோபியசு வித்திகள் முளைப்பதை அணுவிசை நுணுக்குக்காட்டியால் தொடர்ந்து படம்பிடித்தது. வித்தியை உலர்த்தாமல், சாயம் ஏற்றாமல், திரவத்தில் உயிரோடு இருக்கும்போதே எடுத்த படங்கள் அவை. வெளியுறையின் மேற்பரப்பில் பாய் முடைந்தது போல வரிசையாகக் கிடக்கும் நுண்கோல்கள் தெரிந்தன. முளைத்தல் தொடங்கியதும் அந்த வரிசைகளில் சிறு குழிகள் தோன்றின. குழிகள் நீண்டு வெடிப்புகளாயின. வெடிப்புகள் அகன்று, உள்ளிருந்த புதிய கலத்தின் சுவர் வெளித்தெரிந்தது. உறை உள்ளிருந்து முட்டிக் கிழிக்கப்படுவதோடு நிற்கவில்லை. குறித்த இடங்களில் தானாகவே குலையத் தொடங்கியது. எங்கே தளர வேண்டும் என்பதும் நெசவிலேயே இருந்திருக்கிறது.

ஆந்திராக்சு பற்றீரியாவின் வெளிப்பை இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2007இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் சார்ல்சு டர்ன்பௌவின் குழு, அந்தப் பையின் ஒரு முனை மற்றப் பகுதியிலிருந்து வேறுபட்டிருப்பதைக் கண்டது. புதிய கலம் அந்த முனை வழியாகவே வெளியேறியது. ஆய்வாளர்கள் அதைப் போத்தல் மூடிக்கு ஒப்பிட்டனர். பையை நெய்யும்போதே மூடியும் வைத்தே நெய்யப்பட்டிருக்கிறது.

வாவியின் பருவங்களும் வித்தியும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் மேய்ச்சல் தரையுமாகப் படுவான்கரை. வடக்கே பாலமீன்மடுப் பக்கமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலைத் தொடும் முகத்துவாரங்கள். கோடையில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். கச்சான் காற்று வீசி வயல்கள் வெடிக்கும். மாரியில் வெள்ளம் உள்ளிருந்து முட்டும். வயல் மூழ்கும் நிலை வந்தால் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். சரியான வேளையில் வெட்டினால் வயல் தப்பும். வேளை தவறினால், ஒன்றில் வெள்ளம், அல்லது உப்பு.

இந்த நிலம் வித்திக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஓராண்டுக்குள் அது கடும் வறட்சியையும் பெருவெள்ளத்தையும், நன்னீரையும் உவர்நீரையும் காண்கிறது. வெயிலில் காயும் வயல்மண்ணில் வெளியுறையின் பழுப்பு நிறமிகள் புறவூதாக் கதிருக்கு எதிராகத் துணைசெய்கின்றன. பசிலசு சப்டிலிசில் அந்த நிறமிக்குக் காரணம் உறையிலேயே இருக்கும் கொட்ஏ என்ற செப்பு கொண்ட நொதியம். ஈரம் வந்ததும் மடிப்பு விரிகிறது. ஆனால் ஈரம் வந்ததற்காக வித்தி முளைத்துவிடுவதில்லை. உணவின் செய்திக்குக் காத்திருக்கிறது. உப்பு மிகுந்த நீரில், செய்தி கிடைத்தாலும் முளைத்தல் தாமதிக்கிறது, குறைகிறது. இதை ஜெர்மனியின் கட்யா நாக்லர், ரல்ஃப் மொல்லர் ஆகியோரின் ஆய்வுகள் பசிலசு சப்டிலிசில் விரிவாகக் காட்டியுள்ளன.

நீரிலும் சேற்றிலும் பற்றீரியாவைத் தின்னும் ஒருகல உயிர்கள் ஏராளம். அவற்றின் வயிற்றில் வித்தி என்னாகும்? 2006இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பீற்றர் செட்லோ உள்ளிட்ட குழு டெட்ராகைமினா என்ற நீர்வாழ் ஒருகல உயிருக்கு வித்திகளை உணவாகக் கொடுத்துப் பார்த்தது. உறை முழுமையாக இருந்த வித்திகள் செரிக்காமல் தப்பின. உறை பழுதுபட்டவை செரித்துப்போயின. சூட்டுக்கு உதவாத உறையை ஒரு பற்றீரியா இவ்வளவு செலவழித்து ஏன் நெய்கிறது என்பதற்கு இயற்கையிலுள்ள காரணங்களுள் இது முதன்மையானதாக இருக்கக்கூடும். கொதிநீர் மண்ணில் அரிது. பசித்த வாய்கள் எங்கும் உண்டு.

சேறு, காயம், கிணறு

கண்டல் வேர்களுக்கிடையில் கால் வைத்தால் கறுத்த சேறு கணுக்கால் வரை இழுக்கும். அழுகிய முட்டை மணம் எழும். ஒட்சிசன் இல்லாத அந்தச் சேறும் மாட்டுச் சாணம் கலந்த மண்ணும் குளொசுற்றிடியம் என்ற இன்னொரு வித்திக் குடும்பத்துக்கு ஏற்ற இடங்கள். ஏற்புவலியைத் தரும் குளொசுற்றிடியம் டெட்டனி அக்குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணில் கிடக்கும்வரை அதன் வித்தி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆழமான, ஒட்சிசன் புகாத காயத்துக்குள் போனபின் முளைத்தால்தான் நஞ்சு பிறக்கிறது. நோயின் தொடக்கம் கிருமி உடலுக்குள் புகும் கணம் அல்ல. உறை திறக்கும் கணம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் அடித்துச் சென்றபோது, உயிர்தப்பியவர்களின் உடலெல்லாம் சேறு நிறைந்த காயங்கள். அதே அலையில் மிக மோசமாகச் சிதைந்த இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் அடுத்து வந்த வாரங்களில் 106 பேருக்கு ஏற்புவலி கண்டது. 20 பேர் இறந்தனர். இலங்கையில் 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டத்தில் ஏற்புவலித் தடுப்பூசியும் அடங்கும். வயலிலும் வாவியிலும் வெறுங்காலோடு வேலை செய்யும் மக்களுக்கு அந்த ஊசி எவ்வளவு பெரிய காவல் என்பதை அச்சேயின் எண்கள் சொல்கின்றன. சேற்றிலுள்ள வித்தியை அழிக்க யாராலும் முடியாது. அது திறந்தபின் தரும் நஞ்சைச் செயலிழக்கச் செய்ய உடலைப் பழக்கிவைக்க முடியும். ஆகவே முள்ளோ ஆணியோ குத்திய காயத்தை ஆழமாகக் கழுவுவதும் ஏற்பு ஊசி விடயத்தில் அலட்சியம் காட்டாதிருப்பதும் வெறும் சடங்குகள் அல்ல.

கிணறுகளுக்கும் இதே கணக்கு. வெள்ளத்துக்குப் பின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுகிறோம். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் முதலியவற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களுக்கு அந்த அளவு போதும். வித்தியின் உறைக்குப் போதாது. குளோரீன் இட்டாயிற்று என்ற நம்பிக்கையில் அந்த நீரால் ஆழமான காயத்தைக் கழுவி அப்படியே விட்டுவிடக் கூடாது.

பகையாகத் தோன்றும் இந்த உறையையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2001இல் இத்தாலியின் நேப்பிள்சில் எட்சியோ ரிக்காவின் குழு, தீங்கில்லாத பசிலசு சப்டிலிசு வித்தியின் வெளியுறைப் புரதமான கொட்பியோடு ஏற்புவலி நஞ்சின் தீங்கற்ற துண்டு ஒன்றை இணைத்து, அதை உறையின் மேற்பரப்பிலேயே காட்டச் செய்தது. குளிரூட்டி இல்லாத ஊருக்கும் கொண்டுபோகக்கூடிய தடுப்புமருந்துக்கு வித்தி நல்ல தாங்கியாகலாம் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரசின் விபி28 என்ற புரதத்தை இவ்வாறே வித்தியில் ஏற்றித் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. இறாலை நம்பி வாழும் கரைகளுக்கு இது கவனிக்க வேண்டிய திசை.

சோறும் தயிரும்

நெல் விளையும் நாட்டில் வித்தியோடு தினமும் உறவாடும் இடம் சோற்றுப் பானை. பசிலசு சீரியசின் வித்திகள் அரிசியோடு சேர்ந்தே வரும். சோறு வெந்தாலும் அவை வேகா. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் பொரித்த சோறு சாப்பிட்டவர்களுக்கு வாந்தி கண்ட சம்பவங்கள் தொடர்ந்தன. அந்தச் சோறுகள் அவித்தபின் நெடுநேரம் அறைச் சூட்டில் கிடந்திருந்தன. வேகும் சூடு வித்தியைத் தட்டியெழுப்புகிறது, ஆறும் சோறு உணவின் செய்தியை அனுப்புகிறது, உறை திறக்கிறது, பெருகிய கலங்கள் வாந்தி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாதது. ஆகவே மறுபடி சுடவைத்தாலும் பயனில்லை. சோற்றைச் சுடச்சுட உண்ண வேண்டும். அல்லது விரைவாக ஆறவைத்துக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். கலியாண வீட்டிலும் அன்னதானத்திலும் அண்டாக் கணக்கில் சோறு வடிக்கும் இடங்களில் இது முக்கியம். பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும்.

இனித் தயிர்ச் சட்டிக்குத் திரும்பலாம். காய்ச்சிய பாலில் வித்திகள் உண்டு. சூடு அவற்றைத் தயார்படுத்திவிட்டது. பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கிறது. முளைப்பதற்கு இதைவிட நல்ல வேளை வித்திக்குக் கிடைக்காது. அந்த வேளையில்தான் பட்டிக்காரர் உறை விடுகிறார். இலட்சக்கணக்கில் இறங்கும் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் ஏற்கெனவே விழித்திருப்பவை. அவற்றுக்கு உறையைத் திறக்கும் வேலை இல்லை. உறங்கியது எழுந்து, ஓடு களைந்து, முதற் பிரிவை முடிப்பதற்குள் அவை பாலைப் புளிக்கவைத்துவிடுகின்றன. புளிப்பு ஏறிய பாலில் பசிலசு பெருக முடிவதில்லை. அந்த இரவு நடப்பது ஒரு நேரப் போட்டி. உறை விடத் தாமதித்தாலோ, உறை நலிந்திருந்தாலோ, போட்டி மற்றப் பக்கம் சாயும். நல்ல தயிருக்கு உறை நன்றாக இருக்க வேண்டும், பால் சூட்டோடு இருக்கும்போதே விட வேண்டும் என்று வீடுகளில் சொல்லும் சொல்லுக்குள் இந்த விஞ்ஞானம் பொதிந்திருக்கிறது.

நம் வயல் வைக்கோலில்

வித்தியின் உறை பற்றிய அறிவில் பெரும்பகுதி பசிலசு சப்டிலிசு என்ற ஒரே பற்றீரியாவை வைத்து, குளிர்நாட்டு ஆய்வுகூடங்களில் திரட்டப்பட்டது. உவரும் நன்னீரும் மாறிமாறி வரும் வெப்பமண்டல வாவியின் சேற்றில் ஒரு வித்தி தன் உறையை எந்த உப்பளவில் திறக்கிறது, எதில் அடக்கிக்கொள்கிறது என்பது இங்கிருந்தே கேட்க வேண்டிய கேள்வி. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம் இந்த வாவிக்கு அருகிலேயே இருக்கிறது. கேள்விக்குத் தேவையான சேறும் நீரும் பருவங்களும் வாசலிலேயே கிடக்கின்றன.

தொடங்குவதற்குப் பெரிய கருவியும் வேண்டாம். பாடசாலை ஒன்றில் ஆசிரியர் துணையோடு மாணவர்கள் செய்யலாம். அறுவடை முடிந்த வயலிலிருந்து ஒரு பிடி வைக்கோல் எடுத்து, நீரில் ஊறவைத்து, வடித்துக் கொதிக்கவைத்து, மூடி வைக்கட்டும். ஒரு பாத்திரத்தில் நன்னீர்; அடுத்தடுத்தவற்றில் படிப்படியாகக் கூடும் உப்பு. இரண்டு மூன்று நாட்களில் எந்தப் பாத்திரத்தில் முதலில் ஆடை படர்கிறது, எதில் படரவே இல்லை என்று குறித்துக்கொள்ளட்டும். 1876இல் கோன் கண்டதைப் படுவான்கரை வைக்கோலில் தாமே காண்பார்கள். அதோடு கோன் கேட்காத ஒன்றையும் கேட்டிருப்பார்கள்: உப்பு ஏறும் நீரில் முகத்துவாரம் எப்போது திறக்கும்?